மூட்டை கட்டிய மாநகரம்

மே முதல் நாள் என்றதும் உழைப்பாளர் திருநாள் நம் உள்ளத்தில் எழும். எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர் 1886 ஆம் ஆண்டு எழுச்சி கொண்ட நாளல்லவா அது! அதே நாளுக்கு, அதே நாட்டின் நியூயார்க் மாநகரில் வேறொரு வரலாறும் உண்டு. கொடி பிடித்த வரலாறன்று. மூட்டை கட்டிய வரலாறு!

காலை ஒன்பது மணி. தெருவெங்கும் குதிரை வண்டிகள். ஒரு வண்டியில் கட்டில், அதன்மேல் தலைகீழாய்த் தொட்டில். ஒரு வண்டியில் கண்ணாடி பதித்த அலமாரி; கண்ணாடி எப்போது நொறுங்குமோ என்று பதைத்தபடி பின்னே ஓடும் இல்லத்தரசி. படியிறங்கும் குடும்பமும் படியேறும் குடும்பமும் வாயிற்படியிலே மோதிக்கொள்ளும். பள்ளிக்கூடம் வெறிச்சோடிக் கிடக்கும். கடைகளிலே வாணிபம் இராது. 1832 ஆம் ஆண்டு தம் பயண நூலை வெளியிட்ட ஆங்கில எழுத்தாளர் பிரான்சஸ் டிரோலப், இக்காட்சியைக் கண்டு, கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊரே ஓடுவது போலிருந்ததாக எழுதினார்.

கொள்ளைநோயா? இல்லை. படையெடுப்பா? இல்லை. பின் ஏன் ஓடினர்? வீட்டு வாடகை ஒப்பந்தங்கள் அத்தனையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் முடிவுற்றன, அதனால் ஓடினர்!

ஏற்பாடு இதுதான். பிப்ரவரி முதல் நாளன்று வீட்டுக்காரர், வரும் ஆண்டுக்குரிய குடிக்கூலி இவ்வளவு என்று அறிவிப்பார். ஏற்றால் இருக்கலாம். ஏற்காதவர் மூன்று திங்களுக்குள் வேறு வீடு தேடிக்கொண்டு, மே முதல் நாள் வெளியேற வேண்டும். முதலில் இது வெறும் வழக்கம். 1820 ஆம் ஆண்டு சட்டமே அதற்குத் துணை வந்தது: வேறு தேதி குறிக்காத வீட்டு ஒப்பந்தம் எதுவாயினும் மே முதல் நாளோடு முடியும் என்றது.

ஏன் மே முதல் நாள்? மன்ஹாட்டனில் குடியேறிய டச்சுக்காரர் அந்நாளில்தான் பயணம் புறப்பட்டனராம். அதன் நினைவாக வந்த வழக்கமாம்! இப்படி ஒரு கதை உலவியது. எங்கும் இதுதானே முறை? வழக்கம் முன்னே பிறக்கும். கதை பின்னே பிறக்கும். கதை பிறந்தபின் கேள்வி கேட்பவன் குற்றவாளியாவான்!

அந்த ஏற்பாட்டில் நன்மையே இல்லையா? இருந்தது. மூன்று திங்கள் முன்னறிவிப்பு என்பது சிறிதன்று. நாளைக்கே காலி செய் என்று நள்ளிரவில் கதவைத் தட்டுவதைவிட அது நாகரிகமானதே. கேடு முன்னறிவிப்பில் இல்லை. எல்லார்க்கும் ஒரே நாள் என்ற விதியில் இருந்தது.

எண்ணிப் பாருங்கள். தாம் புகவேண்டிய வீட்டில் இருப்பவர் இன்னும் கிளம்பவில்லை. தாம் விட்ட வீட்டிலோ புதியவர் புகுந்துவிட்டார். இடையிலே சிக்கிய குடும்பம் எங்கே நிற்கும்? தெருவிலே! மழை பெய்தால் மெத்தையும் நனையும், மக்களும் நனைவர். ஊரிலிருந்த வண்டிகள் போதவில்லை. லாங் தீவிலிருந்தும் நியூ செர்சியிலிருந்தும் உழவர்கள் தம் வண்டிகளை ஓட்டி வந்தனர். கூலி மளமளவென ஏறியது. அதற்கு வரம்பு கட்ட நகராட்சி தலையிட வேண்டியதாயிற்று. வண்டிக்காரரை மட்டும் பழிப்பானேன்? ஆண்டு முழுதும் அரைவயிறு உண்டவனுக்கு அது ஒரு நாள் அறுவடை. மக்கள் அனைவரையும் ஒரே நாளில் தெருவில் இறக்கிய முறையன்றோ முதற்குற்றவாளி!

பொருள் படைத்தோர்க்கு இத்தொல்லை பெரிதில்லை. ஏழைக்கோ, உடைந்த ஒவ்வொரு பானையும் ஓர் இழப்பு. வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் ஒரு பட்டினி.

இம்முறை எப்படி ஒழிந்தது? நாளடைவில் அக்டோபர் முதல் நாளும் குடிமாறும் நாளாகிக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டது. சாமான் சுமந்த தோள்கள் துப்பாக்கி சுமக்கச் சென்றன. போரை ஒட்டி வீட்டுப் பஞ்சமும் வாடகைக் கட்டுப்பாடும் வந்தன. கிடைத்த வீட்டை விட்டு நகர எவரும் விரும்பவில்லை. 1945 ஆம் ஆண்டளவில் அந்தப் பழைய மே நாள் மறைந்தே போயிற்று. வானம் இடிந்து விழவில்லை. நகரம் நகரமாகவே இருந்தது!

வடக்கே, கனடாவின் கியூபெக் மாநிலத்திலும் மே முதல் நாளே குடிமாறும் நாளாயிருந்தது. பள்ளி நடக்கும் காலத்தில் பிள்ளைகளை ஊர் மாற்றுவது தகாது என்று எண்ணி, 1970-களில் அதனைச் சூலை முதல் நாளுக்கு மாற்றினர். எல்லாரும் ஒரே நாளில் மாறவேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இன்றில்லை. ஆயினும் ஆண்டுதோறும் சூலை முதல் நாள் அங்கே தெருவெங்கும் கட்டிலும் அலமாரியும்தான்! சட்டம் விட்டாலும் பழக்கம் விடுவதில்லை.

தோழர்களே, அவர்களைப் பார்த்து நகைக்குமுன் நம் வீட்டு வாயிலைப் பார்ப்போம். ஆடியில் குடி மாறக்கூடாது, மார்கழியில் மாறக்கூடாது, வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி செய்யக்கூடாது, இராகுகாலத்தில் பால் காய்ச்சக்கூடாது என்று எந்தச் சட்டம் சொல்லிற்று? எதுவும் சொல்லவில்லை. ஆனி முடிவில் வேலை மாற்றலாகிறவர், ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருந்து, காலியாகக் கிடக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரு திங்கள் வாடகை அழுகிறார். ஆவணி பிறந்ததும் ஊரே வீடு தேடுகிறது, வாடகை ஏறுகிறது, வண்டி கிடைப்பதில்லை. நியூயார்க்கில் ஒரு நாள் செய்த வேலையை இங்கே பஞ்சாங்கம் செய்கிறது!

நம்மைக் காப்பது நல்ல நேரமன்று, நல்ல முறை. 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106 ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், மாத வாடகைக் குடியிருப்பை முடிக்கப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. அது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்கவேண்டும் என்கிறது. அறிவிப்பு வீட்டுக்காரருக்கு மட்டும் உரிய ஆயுதமன்று, குடியிருப்பவர்க்கும் உரியது. வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தருவது குடியிருந்தவர் கடமை. ஆனால் இயல்பான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பாளியல்லர் என்பதும் அதே சட்டத்தின் 108 ஆம் பிரிவு. 2019 முதல் நடப்பிலுள்ள தமிழ்நாட்டுச் சட்டமோ, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முன்பணம் மூன்று திங்கள் வாடகையை மிஞ்சலாகாது என்றும், காலி செய்த ஒரு திங்களுக்குள், தரவேண்டிய பாக்கி போக, அதனைத் திருப்பித் தரவேண்டும் என்றும் விதித்துள்ளது.

ஆகவே, குடி மாறுவோர் சோதிடரைத் தேடி அலைய வேண்டா. ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அறிவிப்பை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மின்கட்டணம் செலுத்திய சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். சுவரையும் கதவையும் வீட்டுக்காரரோடு சேர்ந்து பார்வையிடுங்கள். சாவியைத் தருமுன், முன்பணக் கணக்கை எழுதி முடியுங்கள். பள்ளி விடுமுறையா, வண்டி கிடைக்கிறதா, கையில் காசு இருக்கிறதா என்று பார்த்து நாளைக் குறியுங்கள். அதுவே நல்ல நாள்!

ஒரு மாநகரம் நூறாண்டுக்கு மேல் மூட்டை தூக்கிக் கற்ற பாடம் இது: மனிதன் வகுத்த நாளை மனிதனே மாற்றலாம். அந்தப் பாடத்தை நாம் மூட்டை தூக்காமலே கற்கலாமே!