கைப்பிள்ளையோட பந்தடி பார்க்கப் போறது

"இந்தச் சனத்துக்குள்ள கைப்பிள்ளையத் தூக்கிக்கொண்டு எதுக்கு வந்தீங்க?"

கல்லூரி அணி விளையாடுகிற நாளில் எங்களில் யாராவது ஒருவருக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கேட்பவர் பெரும்பாலும் எங்கட வாப்பாவின் வயதுள்ள ஒரு மாமாவாக இருப்பார். கோபத்தில் கேட்க மாட்டார், உண்மையான கவலையில்தான் கேட்பார்.

பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முதல் இதே மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால நின்று தொண்டை கிழியக் கத்தினது நாங்கள்தான். இப்ப ஒருத்தர் கையில பால் போத்தல், இன்னொருத்தர் தோளில மூன்று வயது மகள். முதல் பாதி முடியுமுன்னமே ஒரு பிள்ளைக்கு ஒண்ணுக்கு வரும், இன்னொன்றுக்குக் கச்சான் வேணும், மூன்றாவது தூங்கி விழும். கோல் அடித்த நேரத்தில் பம்பர்ஸ் மாத்திக்கொண்டு நின்றவரும் எங்களில் இருக்கிறார். சரி, அப்ப ஏன் போறம்? மாமாவின் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடினபோது அது வரலாற்றில்தான் கிடைத்தது.

இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இலங்கையில் 'கல்லூரி' என்று பேர் வைத்த இடங்களில் பெரும்பாலானவை பாடசாலைகள்தான். ஆகவே எங்களுக்குக் கல்லூரி ஆட்டம் என்றால் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் விளையாடுகிற ஆட்டம். அதைப் பார்க்க வருகிறவர்கள் விளையாடுகிறவர்களின் வாப்பா, நானா, மச்சான், அவர்களோடு முன்பு அங்கே படித்த நாங்கள்.

இந்த விளையாட்டு குடும்பத்துக்கென்று பிறந்ததில்லை. உதைபந்தாட்டத்தின் விதிகள் 1863ல் லண்டனில் எழுதப்பட்டன. பிறகு அது பிரித்தானியப் படையோடும் கப்பலோடும் உலகம் சுற்றியது. இலங்கையில் காலிமுகத் திடலில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரித்தானியச் சிப்பாய்கள் பந்து உதைத்ததில் இருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். எங்கட மாவட்டத்தின் திருகோணமலைத் துறைமுகம் 1795ல் பிரித்தானியர் கைக்குப் போய், 1957 ஒக்டோபர் வரைக்கும் அவர்களின் கடற்படைத் தளமாக இருந்தது. படைமுகாம், துறைமுகம் என்று ஆம்பிளைகள் மட்டும் கூடுகிற இடங்களின் விளையாட்டு இது. கைப்பிள்ளைக்கு அங்கே இடம் இருந்திருக்காது.

அதைக் குடும்பத்துக்குள் கொண்டு வந்ததில் பாடசாலைக்குப் பெரிய பங்கு உண்டு. படையணியின் ஆட்டம் படையணியோடு முடிந்துவிடும். பாடசாலை அப்படியில்லை. அங்கே படித்தவன் வெளியே போய்க் கல்யாணம் முடித்தாலும் 'பழைய மாணவன்' என்ற பேரோடு திரும்பி வருவான், வரும்போது பிள்ளையையும் கொண்டு வருவான். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் ஆட்டம் 1904ல் தொடங்கியது. 'வடக்கின் பெரும் போர்' என்று சொல்லப்படுகிற அந்த ஆட்டம் யுத்த காலத்தில் இடைக்கிடை தடைப்பட்டும் இன்று வரை நிற்கிறது என்றால், அது இப்படித் திரும்பி வருகிறவர்களால்தான். 1892ல் தொடங்கிய கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு உதைபந்தாட்டத்தில் தனிப் பேர். பந்தைப் பற்றிக் கதைக்கிற முஸ்லிம் வீடுகளில் அந்தப் பேர் அடிபடாமல் இருக்காது.

அமெரிக்காவிலும் இதே மாதிரிக் கதைதான். 1869 நவம்பர் 6ஆம் திகதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் மோதின. ஒரு பக்கத்துக்கு 25 பேர், பார்க்க வந்தவர்கள் சுமார் 100 பேர். அந்த விளையாட்டு பிறகு வேற வழியில் போய், நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஒன்றாக மாறிவிட்டது. ஆனால் கல்லூரியோடான உறவு அறவில்லை. 1927ல் திறந்த மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் இன்று ஒரு இலட்சத்துக்கு மேல் சனம் இருக்கலாம். பேரப்பிள்ளைக்குத் தன் கல்லூரியின் நிறத்தில் சட்டை போட்டுக் கூட்டி வருகிற அப்பப்பாக்களை அங்கே சாதாரணமாகக் காணலாம்.

இதுவரைக்கும் நாங்கள் வாப்பாமாரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறோம். உம்மாமார் எங்கே?

அவர்கள் வராமல் இருந்தது விருப்பம் இல்லாததால் மட்டும் இல்லை. 1920 டிசம்பர் 26ஆம் திகதி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பெண்கள் அணிகள் இரண்டு ஆடின. டிக், கெர் என்ற கம்பனியின் தொழிற்சாலைப் பெண்களின் அணி அதில் ஒன்று. பார்க்க வந்தவர்கள் 53,000 பேர். ஒரு வருசம் போகுமுன், 1921 டிசம்பர் 5ஆம் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் கீழுள்ள மைதானங்களில் பெண்கள் விளையாடத் தடை போட்டது. இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்பது அவர்கள் சொன்ன காரணம். தடை எடுபட சுமார் 50 வருசம் போனது.

விளையாட மட்டுமில்லை, பார்க்கவும் தடை இருந்தது. ஈரானில் சுமார் 40 வருசம் ஆண்களின் ஆட்டத்தைப் பெண்கள் மைதானத்தில் போய்ப் பார்க்க முடியாது. 2019 ஒக்டோபர் 10ஆம் திகதி தெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் 3,500க்கு மேற்பட்ட பெண்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போனார்கள். அன்று ஈரான் கம்போடியாவை 14-0 என்று வென்றது. அங்கிருந்த பல பெண்களுக்கு அதுதான் வாழ்க்கையில் நேரில் பார்த்த முதல் ஆட்டம்.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் துருக்கியில் நடந்தது. ஃபெனர்பாச்சே அணியின் ஆதரவாளர்கள் ஒரு ஆட்டத்தின்போது மைதானத்துக்குள் புகுந்து கலகம் செய்தார்கள். தண்டனையாக, அடுத்த ஆட்டத்தைப் பார்வையாளர் இல்லாமல் நடத்தச் சொல்ல வேண்டிய நிலை. அதை மாற்றி, ஆம்பிளைகளை நிறுத்திவிட்டுப் பெண்களையும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் மட்டும் இலவசமாக விட்டார்கள். 2011 செப்டெம்பர் 20ஆம் திகதி இஸ்தான்புல்லில் 41,000க்கு மேற்பட்ட உம்மாமாரும் ராத்தாமாரும் பிள்ளைகளும் வந்து மைதானத்தை நிரப்பினார்கள். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. தண்டனை என்று நினைத்தது திருவிழாவாகப் போனது. பெண்களும் பிள்ளைகளும் பந்தடியை விரும்ப மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு நாங்கள் இந்த ஒரு நாளைத்தான் காட்டுவோம்.

இனி மாமாவின் கவலைக்கு வருவோம். சனத்துக்குள் பிள்ளையைக் கொண்டு போவது ஆபத்து என்று அவர் சொல்வது பொய் இல்லை. 1980 ஓகஸ்ட் 16ஆம் திகதி கல்கத்தா ஈடன் கார்டன்ஸில், ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டத்தில் நடந்த கலகத்தில் 16 பேர் செத்தார்கள். 1989 ஏப்ரல் 15ஆம் திகதி இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல். அதில் செத்தவர்கள் 97 பேர், ஆகச் சின்னவனுக்குப் 10 வயது. ஏற்கனவே நிரம்பிய பகுதிக்குள் மேலும் சனத்தை விட்டார்கள். முன்னால் கம்பிவேலி இருந்ததால் வெளியே ஓட வழி இருக்கவில்லை. 2022 ஒக்டோபர் 1ஆம் திகதி இந்தோனேசியாவின் மலாங் நகரில் பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. சனம் ஒரே நேரத்தில் ஒடுங்கிய வாசல்களுக்கு ஓடியது. 135 பேர் செத்தார்கள், அதில் 30க்கு மேற்பட்டவர்கள் சிறுவர்கள். வாப்பா உம்மாவோட வந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

இந்தச் சாவுகளை எடுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். சனம் கூடியதால் மட்டும் பிள்ளைகள் சாகவில்லை. அடைத்த வாசல், உயர்ந்த வேலி, தவறான கட்டளை, இவைதான் கொன்றன. ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு வந்த விசாரணை அறிக்கையால் இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் நின்று பார்க்கிற இடம் எடுபட்டு எல்லாருக்கும் கதிரை வந்தது, வேலிகள் கழற்றப்பட்டன. மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை பாவிக்கக் கூடாது என்று பிஃபாவின் விதியே இருக்கிறது. பிள்ளையை வீட்டில விட்டுட்டு வா என்று சொல்வது ஒரு தீர்வு. பிள்ளையோட வந்தாலும் பத்திரமாகத் திரும்பிப் போகிற மைதானத்தை ஆக்குவது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதைத்தான் கேட்கிறோம்.

ஆனால் மாமா பயப்படுவது ஹில்ஸ்பரோவை நினைத்து இல்லை. அவர் புல்மோட்டைக்காரர். அவருக்கு 'சனம்', 'கைப்பிள்ளை' என்ற இரண்டு சொல்லும் ஒன்றாக வந்தால் வேற ஞாபகங்கள் வரும்.

திருகோணமலையில் இருந்து வடக்கே சுமார் 55 கிலோமீற்றரில் இருக்கிற எங்கட ஊர், கரையில் கிடக்கிற கனிய மணலால்தான் வெளியே அறியப்படுகிறது. மணலை எடுக்கிற அரச கூட்டுத்தாபனம் 1957ல் வந்தது. அதிலுள்ள இல்மனைட்டில் இருந்துதான் வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை குடுக்கிற டைட்டேனியம் டையொக்சைட் எடுக்கிறார்கள். எங்கட கறுப்பு மணல் எங்கேயோ ஒரு மைதானத்தில் வெள்ளைக் கோடாகக் கிடக்கக்கூடும் என்று நாங்கள் பகிடியாகச் சொல்லிக்கொள்வோம். அந்த மணலுக்கும் யுத்தம் வந்தது. 1997 செப்டெம்பரில் இல்மனைட் ஏற்ற வந்து நின்ற 'கோர்டியாலிட்டி' என்ற கப்பல் எங்கட கடலிலேயே கடற்புலிகளின் தாக்குதலுக்கு ஆளானது. அந்தக் காலத்தில் பொழுது சாய முதல் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். எங்கட ஊரில பந்தடி அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி மஃரிப் பாங்கோட முடிகிற விளையாட்டு. பயத்தில் முதலில் பறிபோனது அந்த இரண்டு மணித்தியாலம்தான்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள் இன்றும் எங்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் ஆட்டம் பார்க்கிறார்கள். 2009ல் யுத்தத்தின் கடைசி மாதங்களில், வன்னிக் கரையில் காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. மார்ச்சில் இந்திய மருத்துவக் குழு ஒன்று புல்மோட்டையில் ஆஸ்பத்திரி போட்டது. கப்பல் வரும்போது கைக்குழந்தைகளோடு உம்மாமாரும் அம்மாமாரும் இறங்கினார்கள் என்று எழுதினால் அது வடிவான வசனமாக இருக்கும், ஆனால் உண்மையாக இறங்கினது காயப்பட்ட தமிழ்ச் சனம், அவர்களோட பிள்ளைகள். எங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அந்தத் தலைமுறைக்குச் சனத்துக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதென்றால் ஓடுவது, ஒதுங்குவது, வரிசையில் நிற்பது. அதே சனத்துக்குள் சும்மா, சந்தோசத்துக்காக, ஒரு பந்தைப் பார்க்கப் பிள்ளையைக் கொண்டு போகலாம் என்பது எங்கட ஊரில் புதிய விசயம். மாமாவின் கேள்விக்கு இதுதான் எங்கட பதில்: "மாமா, உங்களுக்குக் கிடைக்காத பின்னேரத்தை இவளுக்குக் குடுக்கத்தான் கொண்டு வந்தம்."

குடுக்கிறதென்றால் சரியாகக் குடுக்க வேணும். நாங்கள் அடிபட்டுப் படித்த சில காரியங்களைச் சொல்கிறோம். ஸ்பீக்கருக்கும் பப்பரே வாத்தியத்துக்கும் பக்கத்தில் கைப்பிள்ளையோட நிற்காதீங்க. 2010ல் அமெரிக்க சூப்பர் பவுலை வென்ற ட்ரூ பிரீஸ் தன் ஒரு வயது மகனைத் தூக்கி நின்ற படத்தைத் தேடிப் பாருங்க, பிள்ளையின் காதில் பெரிய காதுமூடி இருக்கும். எங்கட ஊரில் அது கிடைக்காது, தூரம் கிடைக்கும். கோல் கம்பத்துக்குப் பின்னால வேண்டாம், பந்து வரும். வெளியே போற வழிக்குப் பக்கத்தில் நில்லுங்க. முழு ஆட்டமும் பார்க்கிற ஆசையை விடுங்க, பிள்ளை முப்பது நிமிசம் இருந்தால் அதுவே ஒரு ஆட்டம்.

மைதானத்தைப் பார்க்கிறவர்களிடம் கேட்கிறது இதைவிடக் குறைவு: ஒரு நிழல், குடிக்கத் தண்ணி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு மலசலகூடம், இரண்டு அகலமான வாசல். இவ்வளவும் இருந்தால் மதிலுக்கு அப்பால் ரோட்டில் நின்று எட்டிப் பார்க்கிற உம்மாமார் உள்ளே வருவார்கள். இப்போதைக்கு அவர்களின் பிள்ளை மட்டும் எங்கட தோளில் உள்ளே வருகிறது. கோல் விழுந்ததும் அது முதலில் திரும்பி மதில் பக்கம்தான் பார்க்கிறது, உம்மா கண்டாவோ என்று.