வண்டி ஓட்டும்போது மெசேஜ்: சட்டம் வந்த கதை



சென்ற கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நம் குடியிருப்பு நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், வண்டி ஓட்டும்போது மெசேஜ் அனுப்பக் கூடாதுன்னு நிஜமாவே சட்டம் இருக்கா, இல்ல போலீஸ்காரங்க சும்மா பிடிக்காங்களா?" நின்றவாக்கில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இல்லை. "இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்தச் சட்டம் வந்து சேர்ந்த கதை சற்று நீளமானது. அதில் ஒரு பகுதி நமக்குப் பக்கத்திலேயே, புளியரை தாண்டி இருக்கும் கேரளத்தில் நடந்தது. சாரல் சீசன் தொடங்கினால் நம் சாலைகளில் வண்டிகள் பெருகும். அதற்குள் இந்தக் கதையை நீங்கள் ஒருமுறை படித்துவிட்டால் நல்லது.

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. அதன் இடத்துக்கு 1939இல் விரிவான ஒரு சட்டம் வந்தது. அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கான சட்டம். அன்று தென்காசி சென்னை மாகாணத்தில் இருந்தது, செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். இன்று நாம் காய்கறி வாங்கப் போய்வரும் தூரத்துக்குள் இரண்டு அரசுகளின் எல்லை இருந்தது. செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓட்டுநர் கையால் காட்ட வேண்டிய சைகைகளுக்கென்றே ஓர் அட்டவணை உண்டு. வலப்பக்கம் திரும்பவும், வேகம் குறைக்கவும், நிறுத்தவும் கையை வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். ஓட்டுநரின் கையும் கண்ணும் எங்கே இருக்க வேண்டும் என்ற கவலை சட்டத்துக்கு அப்போதே இருந்திருக்கிறது.

இன்று நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1 முதல் அமலானது. அதன் 184ஆம் பிரிவு "ஆபத்தான முறையில் ஓட்டுதல்" பற்றியது. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அதில் செல்போன் என்ற பேச்சே இல்லை, இருக்கவும் முடியாது. உலகின் முதல் குறுஞ்செய்தியே 1992 டிசம்பர் 3 அன்றுதான் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31இல், கொல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியது. சட்டம் எழுதியவர்கள் பார்த்தே இராத ஒரு பொருள், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எல்லார் சட்டைப் பையிலும் வந்துவிட்டது.

அரசு சும்மா இருந்துவிடவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21ஆம் விதி, எந்தெந்தச் செயல்களுக்கு ஓட்டுநர் உரிமத்தைத் தற்காலிகமாகப் பறிக்கலாம் என்று பட்டியலிடுகிறது. வண்டி ஓட்டும்போது செல்போன் பயன்படுத்துவதும் அதில் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்த விதியை உண்மையாகப் புழக்கத்துக்குக் கொண்டுவரக் காரணமாக இருந்தவர் ஒரு தமிழ்நாட்டு மருத்துவர். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 2014 ஏப்ரலில், நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை உச்ச நீதிமன்றம் அமைத்தது. அந்தக் குழு 2015இல் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, அதிகப் பாரம் ஏற்றுவது ஆகியவற்றோடு செல்போன் பேசியபடி ஓட்டினாலும் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்றது அது.

இருந்தாலும் ஒரு ஓட்டை பாக்கி இருந்தது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது நம் அண்டை மாநிலம். செல்போன் பேசிக்கொண்டு ஓட்டியவர்கள் மீது கேரளப் போலீசார் மாநிலக் காவல் சட்டத்தின் 118(இ) பிரிவில் வழக்குப் போட்டு வந்தார்கள். பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் செயலுக்கான பிரிவு அது. மூன்றாண்டு வரை சிறை விதிக்கவும் அதில் இடமுண்டு. போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு ஓட்டியதாகப் பிடிபட்ட ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2018 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஓட்டும்போது போனில் பேசுவதே பொதுமக்களுக்கு ஆபத்து என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை, சட்டமன்றம் அப்படி இயற்றாதவரை இந்தப் பிரிவில் வழக்குத் தொடர முடியாது என்பது அதன் சாரம்.

அந்தத் தீர்ப்பைக் கேட்டுப் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. நமக்குப் பிடிக்காத ஒரு செயலைச் சட்டத்தில் இல்லாத குற்றமாக ஆக்கும் அதிகாரத்தைப் போலீசாரிடம் கொடுத்தால், அது செல்போனோடு நிற்காது. தடை வேண்டுமென்றால் தெளிவாக எழுதி வையுங்கள் என்று நீதிமன்றம் பந்தைச் சட்டம் இயற்றுபவர்கள் பக்கம் தள்ளிவிட்டது.

எழுதவும் செய்தார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், 184ஆம் பிரிவில் எவையெல்லாம் ஆபத்தான ஓட்டுதல் என்று விளக்கம் சேர்த்தது. அந்தப் பட்டியலில் "கையில் பிடித்துப் பயன்படுத்தும் தகவல் தொடர்புக் கருவி" இடம்பெற்றது. பேசுவது, மெசேஜ் அடிப்பது என்று பிரிக்கவில்லை. இரண்டும் இதில் அடங்கும். 2019 செப்டம்பர் 1 முதல் இது அமலானது. முதல் தடவைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மறுபடி செய்தால் இரண்டாண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். 2020 அக்டோபர் 1 முதல் விதிகளில் ஒரு சலுகை வந்தது: வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில், போனைப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் வந்த அரசாணைக்குப் பிறகே வசூலாகத் தொடங்கின.

ஆகவே நண்பரின் கேள்விக்குப் பதில்: சட்டம் இருக்கிறது. ஆனால் தடை போட்டால் போதுமா? வெளிநாடுகளின் அனுபவத்தையும் பார்த்துவிடுவோம்.

பிரிட்டன் 2003 டிசம்பர் 1 அன்றே கையில் போன் பிடித்து ஓட்டுவதைத் தடை செய்தது. ஆனால் போன் வழியாக ஒருவரோடு தொடர்பு கொள்வதைத்தான் அந்தச் சட்டம் குற்றமாக்கியது. விபத்து நடந்த இடத்தைக் கடக்கும்போது போனில் வீடியோ எடுத்த ஒருவர், நான் யாரோடும் பேசவில்லையே என்று வாதாடி 2019இல் தப்பினார். 2022 மார்ச்சில் சட்டத்தை மாற்றி, எதற்காகவும் கையில் போனை எடுக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். அமெரிக்காவில் மெசேஜ் அனுப்புவதற்கெனத் தனித் தடை கொண்டுவந்த முதல் மாநிலம் வாஷிங்டன், 2007இல். ஆனால் 2010இல் அங்கே காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு அமைப்பு ஒன்று நான்கு மாநிலங்களைப் பார்த்துச் சொன்ன செய்தி வேறு மாதிரி இருந்தது: தடைக்குப் பிறகு விபத்துகள் குறையவில்லை. போலீஸ் கண்ணில் படாதிருக்க ஓட்டுநர்கள் போனை மடிக்கு இறக்கிக்கொள்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அது கருதியது. மடியைப் பார்க்கும் கண் சாலையை விட்டு இன்னும் அதிகமாக விலகுகிறது.

இதை வைத்துத் தடையே வீண் என்று சிலர் வாதிடுவார்கள். திருட்டும்தான் சட்டத்தால் ஒழியவில்லை. அதற்காகத் திருட்டைக் குற்றப் பட்டியலிலிருந்து யாரும் எடுப்பதில்லை. எழுதப்பட்ட சட்டம் இல்லாதபோது என்ன ஆகும் என்பதைக் கேரள வழக்கு காட்டிவிட்டது. ஆனால் சட்டம் முதல் படி மட்டுமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த படி எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மெசேஜ் அடிக்கும் லாரி ஓட்டுநரின் கண் ஆறு விநாடிகளில் 4.6 விநாடி சாலையில் இல்லை. அவர் விபத்தில் சிக்கும் அபாயம் 23 மடங்கு. நம்மூர் வேகத்துக்குக் கணக்குப் போடுங்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அந்த 4.6 விநாடியில் உங்கள் வண்டி 51 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது. சீசன் நாளில் அந்த 51 மீட்டருக்குள் யார் யார் இருப்பார்கள்? தலை துவட்டிக்கொண்டு சாலையைக் கடக்கும் குடும்பம், எண்ணெய்க் குப்பியோடு நிற்பவர், ரம்புட்டான் வாங்க ஓரம் கட்டிய வேன், திடீரென்று திரும்பும் ஆட்டோ. சாரலில் நனைந்த தாரில் பிரேக் பிடித்தாலும் வண்டி உடனே நிற்காது.

மலைப்பாதையில் இன்னும் மோசம். 2024 பிப்ரவரி 25 அதிகாலையில் புளியரை எஸ் வளைவில் பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று கீழே ரயில் தண்டவாளத்தில் விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்பகுதியைச் சேர்ந்த வயதான தம்பதி இருட்டில் டார்ச் விளக்கோடு ஓடிப்போய், எதிரே வந்த ரயிலை நிறுத்தினார்கள். அந்த விபத்துக்கும் செல்போனுக்கும் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. அந்த வளைவில் ஒரு நொடிப் பிசகு எதுவரை போய் நிற்கும் என்பதற்காகவே சொல்கிறேன்.

மத்திய அரசின் கணக்குப்படி 2021இல் செல்போன் பயன்பாட்டால் நடந்த விபத்துகள் 1,997, இறந்தவர்கள் 1,040 பேர். அந்த ஆண்டு நாட்டில் சாலை விபத்தில் மாண்டவர்கள் 1,53,972 பேர். செல்போன் கணக்கு சிறியதாகத் தெரியலாம். ஆனால் விபத்துக்குப் பின் "போன் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று தானாக ஒப்புக்கொள்பவர் எத்தனை பேர்?

இனி நம் கேட்டுக்குள் வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் "பொது இடம்" என்பதைப் பொதுமக்களுக்குச் செல்ல உரிமையுள்ள இடம் என்று வரையறுக்கிறது. கேட் போட்டுக் காவலாளி நிற்கும் நம் வளாகத்துப் பாதை அதில் வருமா என்பது வாதத்துக்குரியது. எப்படியிருந்தாலும், சாயங்காலம் நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் இடத்தில் அபராதச் சீட்டோடு எந்தப் போலீஸ்காரரும் நிற்கப் போவதில்லை. பார்க்கிங்கிலிருந்து பின்னால் எடுத்துக்கொண்டே போனைப் பார்ப்பவரைத் தடுக்க நம் விதியும் நம் கண்டிப்பும்தான் உண்டு.

இன்னொன்று, இது நம் எல்லாருக்கும் உறைக்க வேண்டியது. அமெரிக்காவின் நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் ஒரு கருத்துச் சொன்னது: ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், மெசேஜ் வந்தால் உடனே பார்ப்பார் என்று தெரிந்தே அனுப்பியவருக்கும் விபத்தில் பொறுப்பு உண்டு. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் நம் வாட்ஸ்அப் குழுவைப் பாருங்கள். காலை எட்டே காலுக்கு, பாதிப் பேர் பள்ளிக்கும் வேலைக்கும் வண்டியில் போகும் நேரத்தில், "யார் கார் இது, உடனே எடுங்க" என்று போடுகிறோம். பதில் வராவிட்டால் கேள்விக்குறி ஐந்து போடுகிறோம். அந்த மணியோசை கேட்கும் கை எங்கே இருக்கிறது என்று நாம் நினைப்பதில்லை.

அடுத்த பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களை முன்வைக்க விரும்புகிறேன். ஒன்று, வளாகத்துக்குள் ஓடும் வண்டியில் கையில் போன் கூடாது, இது வீட்டுக்கு வரும் டெலிவரி வண்டிகளுக்கும் பொருந்தும். இரண்டு, காலை எட்டு முதல் ஒன்பது வரையும் மாலை நான்கு முதல் ஐந்து வரையும் குழுவில் அவசரமற்ற செய்தி வேண்டாம். வண்டியை நகர்த்தச் சொல்ல வேண்டுமானால் காவலாளியிடம் சொன்னால் போதும். மூன்று, வண்டியில் இருப்பவர் அழைப்பை எடுத்தால், "ஓரமா நிறுத்திட்டுப் பேசுங்க" என்று நாமே சொல்லிவிட்டு வைத்துவிடுவது. மறுப்பு இருந்தால் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள், பேசுவோம்.

வரும் வழியில் இருந்தால் மட்டும், பதிலை வீட்டுக்கு வந்து அனுப்புங்கள். காத்திருக்கிறோம்.