வளரும் பன்றித் தீவனத்தில் அமினோ அமிலச் சேர்ப்பு

வளரும் பன்றித் தீவனத்தில் அமினோ அமிலச் சேர்ப்பு என்பது, பிண்ணாக்கு, பயறு முதலிய அவரையினப் பொருட்களைப் புரத மூலமாகக் கொண்ட தீவனத்தில் குறைவுபடும் அமினோ அமிலங்களைத் தனியே கலந்து ஈடுசெய்யும் முறை ஆகும்.

வரம்பிடும் அமினோ அமிலம்

தசைப் புரதம் உருவாக எல்லா இன்றியமையா அமினோ அமிலங்களும் ஒரே வேளையில் தேவை. ஒன்று தீர்ந்துவிட்டால் மற்றவை மிகுந்திருந்தும் பயனில்லை. அவை சிதைக்கப்பட்டு, அவற்றின் நைதரசன் யூரியாவாகச் சிறுநீரில் கழிகிறது. முதலில் தீர்வது வரம்பிடும் அமினோ அமிலம் எனப்படும். தானியம் சார்ந்த பன்றித் தீவனங்களில் இது பெரும்பாலும் லைசின் ஆகும்.

நிலக்கடலைப் பிண்ணாக்கு

அவரையினங்களில் பொதுவாக லைசின் மிகுந்தும் மெத்தியோனின் குறைந்தும் காணப்படும். தானியங்களில் லைசின் குறைவு என்பதால், இட்லியில் அரிசியும் உளுந்தும் போல இவை ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. நிலக்கடலை இதற்கு விலக்காகும். செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் மணிலா, மல்லாட்டை என வழங்கப்படும் இப்பயிரின் பிண்ணாக்கில் சுமார் 45% புரதம் இருப்பினும், அப்புரதத்தில் லைசின் ஏறத்தாழ 3.5% மட்டுமே. சோயாப் புரதத்தில் இது 6 விழுக்காட்டிற்கும் மேல். ஆகவே புரத விழுக்காட்டை மட்டும் பார்த்துச் சோயாவுக்குப் பதிலாகக் கடலைப் பிண்ணாக்கு இடுபவரின் பன்றிகள் எதிர்பார்த்த எடையை அடைவதில்லை.

எடுத்துக்காட்டாக, 100 கிலோ தீவனத்தில் 72 கிலோ மக்காச்சோளமும் 25 கிலோ கடலைப் பிண்ணாக்கும் (எஞ்சியவை தாதுக்கள்) இருப்பின், புரதம் 17 விழுக்காட்டைத் தாண்டும். லைசினோ ஏறத்தாழ 0.57% தான். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 20 முதல் 50 கிலோ எடையுள்ள பன்றிக்கு 0.95% தேவை. லைசின் ஐதரோகுளோரைடில் சுமார் 79% லைசின் உள்ளதால், இக்குறையை நிரப்ப ஏறத்தாழ 480 கிராம் போதும். ஆயினும் அதன்பின் திரியோனின் வரம்பிடத் தொடங்கும். அதையும் சிறிதளவு சேர்க்க வேண்டும்.

சேர்க்கும் வடிவம்

பன்றியால் எல்-லைசினை மட்டுமே பயன்படுத்த இயலும். எனவே அது கொரினிபாக்டீரியம் குளூட்டாமிக்கம் போன்ற நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதித்தல் முறையில் உருவாக்கப்படுகிறது. இந்த நுண்ணுயிரி 1950களில் சப்பானில் கண்டறியப்பட்டது. மெத்தியோனினின் டி-வடிவத்தை உடல் எல்-வடிவமாக மாற்றிக்கொள்வதால், வேதி முறையில் கிடைக்கும் டிஎல் கலவையே போதுமானது.

பிற வரம்புகள்

பச்சைச் சோயாவிலுள்ள டிரிப்சின் தடுப்பிகளைச் சூடாக்கி நீக்க வேண்டும். ஆனால் மிகையான வெப்பம் லைசினைச் சர்க்கரையுடன் பிணைத்து வீணாக்கிவிடும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கில் உள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சை எந்த அமினோ அமிலமும் ஈடுசெய்யாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்த பின்னரே இந்நஞ்சு அடையாளம் காணப்பட்டது.