ஒரு பலகையும் இரண்டு இலைகளும்

சென்ற சாரலின்போது குற்றாலத்தில் நான் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஒரு மேஜையையும் இரண்டு நாற்காலிகளையும் தவிர வேறு தட்டுமுட்டுச் சாமான் கிடையாது. மேஜையிலும் இழுப்பறை, கடைசல் வேலை ஒன்றும் இல்லை. நான்கு கால்கள், மேலே ஒரு தேக்கம் பலகை, அவ்வளவுதான். காலையில் அதில் எழுதுவேன். பகலில் காகிதங்களை ஒதுக்கிவிட்டு அதிலேயே இலை போட்டுச் சாப்பிடுவேன். என் பாட்டி இதைக் கண்டிருந்தால் என்னையும் மேஜையையும் சேர்த்தே அருவியில் தள்ளி முழுக்காட்டியிருப்பாள்! எச்சில் படுகிற இடத்தில் ஏடு இருக்கலாகாது என்பது அவள் சட்டம்.

ஏட்டுக்கு ஒரு காலத்தில் மேஜையே வேண்டியிருக்கவில்லை. இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி. இடது கட்டைவிரல் நகத்தில் சிறு பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அதில் அணைத்துக்கொண்டு எழுதுவார்கள். காகிதமும் மையும் வந்த பிறகுதான் அடியில் கெட்டியான பலகை தேவைப்பட்டது. கணக்குப்பிள்ளைகள் சம்மணம் கலையாமலே ஒரு சாய்வு மேஜையை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். 'மேசை' என்ற சொல்லே போர்த்துக்கீசியர் கொடுத்ததுதான். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்திறங்கியவை.

சாப்பாட்டுக்கோ தரையே போதும். இலையை எடுத்துத் தரையை மெழுகிவிட்டால் சாப்பாட்டு மேஜை மாயமாய் மறைந்துவிடும். இதைவிடச் சிக்கனமான மேஜையை எந்த நாட்டு நிபுணர் செய்துவிட முடியும்?

ஆனால் அந்தத் தரையைப் புகழ வாயெடுத்தால் சேரன்மாதேவி நினைவுக்கு வருகிறது. அக்காலத்தில் குற்றாலத்தைப் போல அதுவும் திருநெல்வேலி ஜில்லாதான். வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய குருகுலம் அங்கே நடந்தது. ஐயர் லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போனவர். அங்கே சட்ட மாணவர்கள் குறிப்பிட்ட நாட்கள் மண்டபத்து மேஜையில் சேர்ந்து உண்டாக வேண்டும் என்று அப்போது விதியே இருந்தது. அப்படிப்பட்டவருடைய குருகுலத்தில், பெற்றோர் வற்புறுத்தியதால், பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே சாப்பாடு நடந்தது. சேர்ந்து படித்த பிள்ளைகள் சேர்ந்து உண்ணவில்லை. விஷயம் வெளியானதும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் கொதித்தெழுந்தார்கள். தமிழ்நாட்டுக் காங்கிரஸே கலகலத்தது. 1925 ஜூனில் ஐயர், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய், பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் உயிரை விட்டார்.

ஊரார் கதை எதற்கு? எங்கள் வீட்டுச் சாய்வு மேஜை பூஜை அறைப் பக்கத்திலேயே இருந்தது. சரஸ்வதி பூஜையன்று அதற்குச் சந்தனம் குங்குமமும் உண்டு. அதைச் செய்த ஆசாரிக்குப் பாட்டி இலை போட்டது கொல்லைப்புறத்தில். நான்தான் தண்ணீர் கொண்டு போனேன். எட்டு வயதில் அது எனக்குத் தவறாகத் தோன்றவும் இல்லை.

குற்றாலத்து மேஜையில் ஒரு கால் ஆட்டம் கண்டது. தென்காசியிலிருந்து ஓர் ஆசாரி வந்து, ஆப்பு வைத்து இறுக்கினார். வேலை முடியும்போது மணி ஒன்று. மேஜைமேல் இரண்டு இலை போட்டு, "வாங்க, சேர்ந்தே சாப்பிடலாம்" என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். உட்காருமுன், தாம் இறுக்கிய காலை மட்டும் ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார்.