பதவிப் பெயர் ஒன்று, பார்த்த வேலை வேறு

டைப்பிஸ்ட் என்று உத்தரவு வாங்கி வந்தவர் கடைசிவரை தபால் பிரிவில் ரெஜிஸ்டர் எழுதியதை நாம் அலுவலகங்களில் பார்த்திருக்கிறோம். உயிரணுவுக்குள்ளும் இப்படி நடந்திருக்கிறது நண்பர்களே.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் மரியான் க்ருன்பெர்க்-மானகோ என்ற பெயரில் எனக்குத் தனி ஈடுபாடு. 1921-இல் பெத்ரோகிராதில் பிறந்து, கைக்குழந்தையாகவே பிரான்சுக்கு வந்தவர். நியூயார்க்கில் செவெரோ ஒச்சோவாவின் ஆய்வுக்கூடத்தில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவில் பாஸ்பேட் பற்றிய வேறொரு கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். அகப்பட்டதோ, சோதனைக் குழாயில் ஆர்.என்.ஏ. சரத்தைக் கோத்துத் தரும் ஒரு நொதி, அதாவது என்ஸைம். 1955-இல் இருவர் பெயரிலும் செய்தி வெளியானது.

1959-இல் நோபல் பரிசு ஒச்சோவாவுக்கும், டி.என்.ஏ.வை உருவாக்கும் நொதியைக் கண்ட ஆர்தர் கோர்ன்பெர்குக்கும் போனது. மருத்துவப் பரிசை மூன்று பேருக்குப் பகிர்ந்த ஆண்டுகளும் உண்டு. அந்த ஆண்டு இருவரோடு நிறுத்திக்கொண்டார்கள். மரியானின் பெயர் இல்லை.

வேடிக்கை இனிமேல்தான். முதல் நொதி இருவழியும் வேலை செய்யும். உயிரணுவுக்குள் பாஸ்பேட் நிறைய இருப்பதால், அங்கே அதன் முக்கிய வேலை ஆர்.என்.ஏ.வைக் கோப்பதல்ல, பிரித்துப்போடுவது. பழைய கோப்புகளைக் கழிக்கும் ரெக்கார்டு அறை வேலை! அந்தத் துண்டுகள் டி.என்.ஏ.வுக்கு மூலப்பொருளாகவும் ஆகக்கூடியவை. சேதமடைந்த டி.என்.ஏ.வைச் சீர்செய்வதிலும் அதற்குப் பங்குண்டு என்று பின்னாளில் பாக்டீரியாக்களில் கண்டார்கள்.

கோர்ன்பெர்கின் நொதிக்கும் இதே கதைதான். 1969-இல் ஜான் கெய்ர்ன்ஸும் பவுலா டி லூசியாவும் அந்த நொதி ஏறக்குறைய செயல்படாத ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அது நன்றாகவே பெருகியது. ஆனால் புற ஊதாக் கதிர் பட்டால் தாங்கவில்லை. ஆக, டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்கும் பெரிய பொறுப்பு வேறொரு நொதியுடையது. இதற்குப் பெரும்பாலும் பழுதுபார்க்கும் வேலை.

அதற்காக மரியானின் கண்டுபிடிப்பு வீண் என்று நினைத்துவிட வேண்டாம். 1961-இல் நிரன்பெர்கும் மத்தாயும் மரபுக் குறியீட்டின் முதல் சொல்லைப் படித்தது, அந்த நொதி கோத்துத் தந்த செயற்கை ஆர்.என்.ஏ.வை வைத்துத்தான்.

மரியான் பாரிசில் ஆய்வைத் தொடர்ந்தார். 1666-இல் தொடங்கிய பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு 1995-இல் தலைவரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். 2013-இல் காலமானார்.

வீட்டில் பேரன் பேத்திகள் உயிரியல் படித்தால், இந்தப் பெயரையும் ஒருமுறை சொல்லி வையுங்கள்.