இலவச விநியோகம்: அஞ்சல் செலவு யார் கணக்கில்?

இணையத்தில் பொருள் வாங்குவோரைச் சட்டென்று ஈர்க்கும் சொற்களில் 'இலவச விநியோகம்' முதன்மையானது. தீபாவளிக்கு முன் அகல்விளக்கும் ஜிமிக்கியும் தேடுவோர் முதல் மாதாமாதம் அரிசி, பருப்பு வரவழைக்கும் குடும்பங்கள் வரை, ஒரே பொருளைப் பல கடைகள் விற்கும்போது அந்தச் சொல் இருக்கும் பக்கத்தையே பலரும் முதலில் திறக்கிறார்கள்.

ஆனால், வேனுக்கு எரிபொருள் வேண்டும். பொட்டலத்தைச் சுமந்து பன்னிரண்டாவது மாடிக்கு வரும் ஊழியருக்குச் சம்பளம் வேண்டும். அட்டைப்பெட்டிக்கும் ஒட்டு நாடாவுக்கும் காசு வேண்டும். இந்தச் செலவு எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் கணக்கில் ஏறித்தான் ஆகவேண்டும். அது யார் கணக்கு, வாங்குபவருக்கு அது தெரிகிறதா என்ற இரண்டையும் பார்த்தால்தான் இந்த ஏற்பாடு நியாயமா என்று சொல்லமுடியும்.

செலவு ஒளிந்திருக்கும் இடங்கள்

விநியோகச் செலவை ஈடுகட்டப் பொதுவாக நான்கு வழிகள் உண்டு. விற்பனையாளர் அதைப் பொருளின் விலையிலேயே சேர்த்துவிடலாம். குறிப்பிட்ட தொகைக்குமேல் வாங்கினால் மட்டும் இலவசம் என்று வரம்பு வைக்கலாம். மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு உறுப்பினர்களுக்குக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கலாம். மின்வர்த்தகத் தளமே செலவை ஏற்று, அதன் ஒரு பகுதியை விற்பனையாளர்களிடம் கழிவுத்தொகையாகப் பெறலாம்.

சந்தா முறையை உலகெங்கும் பரப்பியது அமேசான். 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 79 டாலர் கட்டணத்தில் 'பிரைம்' திட்டத்தை அது தொடங்கியது. சிங்கப்பூருக்கு 2017ல் வந்தது. லஸாடா 2012லும் ஷாப்பி 2015லும் இவ்வட்டாரத்தில் தொடங்கப்பட்டவை. போட்டி சூடுபிடித்த காலத்தில் இலவச விநியோகப் பற்றுச்சீட்டுகள் வாடிக்கையாளர்களைப் பிடிக்கும் தூண்டிலாகவே இருந்தன.

ஒரு சிறு கணக்கு

விலையும் விநியோகமும் எப்படிக் கலக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு உதவும். ஒரு ஜோடி ஜிமிக்கியின் விலை 10 வெள்ளி, ஒரு பொட்டலத்தை அனுப்பும் செலவு 3 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கடை விநியோகக் கட்டணத்தைத் தனியாக வாங்குகிறது. ஒரு ஜோடி வாங்கினால் 13 வெள்ளி. நான்கு ஜோடிகளை ஒரே பொட்டலத்தில் வாங்கினால் 43 வெள்ளி.

இரண்டாவது கடை ஒரு ஜோடி 13 வெள்ளி, விநியோகம் இலவசம் என்கிறது. ஒன்று வாங்குபவருக்கு வித்தியாசமே இல்லை. நான்கு வாங்குபவர் 52 வெள்ளி கொடுக்கிறார். வருவதோ ஒரே பொட்டலம். ஆனால் அவர் நான்கு முறை அஞ்சல் செலவு கட்டியிருக்கிறார். 'இலவசம்' என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த விலை 9 வெள்ளி.

மூன்றாவது கடை ஒரு ஜோடி 11 வெள்ளி, 40 வெள்ளிக்குமேல் வாங்கினால் விநியோகம் இலவசம் என்கிறது. நான்கு வாங்குபவருக்கு 44 வெள்ளி. ஒன்று மட்டும் வாங்குபவருக்கு 14 வெள்ளி. மூன்று போதும் என்று நினைப்பவர் 36 வெள்ளி கொடுத்து முடிக்கலாம். 3 வெள்ளிக் கட்டணத்தைத் தவிர்க்க நான்காவதையும் கூடையில் போட்டால் 44 வெள்ளி ஆகிறது. மிச்சப்படுத்த நினைத்தவர் 8 வெள்ளி கூடுதலாகச் செலவு செய்கிறார்.

ஆக, விலைக்குள் சேர்க்கும் முறையில் மொத்தமாக வாங்குபவர் இழக்கிறார். வரம்பு வைக்கும் முறையில் குறைவாக வாங்குபவர் இழக்கிறார். ஓரறை வீட்டில் தனியே வாழும் முதியவருக்கு ஒரு கிலோ பருப்பும் ஒரு புட்டி எண்ணெயும் போதும். அவரால் எளிதில் வரம்பைத் தொட முடியாது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரே கூடையில் அதைத் தாண்டிவிடும்.

இணையத்தில் வாங்காதவரும் இந்தக் கணக்குக்குள் வருவதுண்டு. ஒரு கடை சிராங்கூன் சாலையில் உள்ள தன் முகப்பிலும் இணையத்திலும் ஒரே விலை வைத்து, இணையத்தில் மட்டும் விநியோகத்தை இலவசமாக்கினால், பேருந்து ஏறித் தேக்காவுக்கு வந்து பையில் போட்டுக்கொண்டு போகும் வாடிக்கையாளரும் பிறர் வீட்டுப் பொட்டலத்திற்குப் பங்கு கொடுக்கிறார். 'நேரில் பெற்றுக்கொண்டால் விலை குறைவு' என்று அறிவிக்கும் கடைகள் இந்தக் குறையைச் சரிசெய்கின்றன.

ஒரே கட்டணம் என்ற பழைய ஏற்பாடு

அஞ்சல் செலவைப் பலரும் பகிர்ந்துகொள்வது புதிதன்று. பிரிட்டன் 1840ல் தூரத்தைப் பொருட்படுத்தாத 'ஒரு பென்னி' கடிதக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. அதற்குமுன் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே, அதுவும் தூரத்திற்கேற்ப, பணம் கொடுத்தார். இந்தியாவில் 1854 அக்டோபரில் சீரான கட்டணம் நடப்புக்கு வந்தது. அப்போது நீரிணைக் குடியிருப்புகளின் பகுதியாக இந்திய அரசின்கீழ் இருந்த சிங்கப்பூரிலும் இந்திய அஞ்சல்தலைகளே 1867 வரை பயன்பட்டன.

இந்தியாவில் 1877ல் வந்த வி.பி.பி. முறை, பொருள் கைக்கு வந்த பிறகு அஞ்சல்காரரிடம் பணம் கொடுக்க வழிசெய்தது. அஞ்சல்வழி வணிகம் வளர அது பெரிதும் உதவியது.

சீரான கட்டணத்தில் பக்கத்து ஊருக்கு எழுதுபவர் தொலைதூரத்திற்கு எழுதுபவரின் செலவில் ஒரு பங்கை ஏற்கிறார். பரந்த நாடுகளில் இது பெரிய விவாதம். சிங்கப்பூரில் தூரம் பெரிய சிக்கலில்லை. ஈசூனுக்கும் பிடோக்குக்கும் அனுப்பும் செலவில் அதிக வேறுபாடு இருக்காது. ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கும் தனித்தனியே செல்வதும், ஆளில்லாத வீட்டுக்கு மறுபடி வருவதும்தான் செலவைக் கூட்டுகின்றன.

இதற்காகவே நாடளாவிய பொட்டலப் பெட்டகக் கட்டமைப்பு 2021ல் 'பிக்' என்ற பெயரில் செயல்படத் தொடங்கியது. வீவக குடியிருப்புப் பேட்டைகளிலும் சமூக மன்றங்களிலும் இப்பெட்டகங்கள் உள்ளன. ஓரிடத்தில் வண்டியை நிறுத்திப் பலருடைய பொட்டலங்களை வைத்துவிடலாம். பெட்டகத்தைத் தேர்ந்தெடுப்பவருக்குக் கட்டணம் குறைந்தால், அது உண்மையிலேயே செலவு குறைந்ததால் கிடைக்கும் சலுகை.

கடல் கடந்து வரும் இரண்டு வெள்ளிப் பொருள்

வெளிநாட்டிலிருந்து இரண்டு வெள்ளிப் பொருள் எப்படி இலவசமாக வீடு தேடி வருகிறது என்று பலர் வியப்பதுண்டு. இதற்கு ஒரு காரணம் அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகள். 1874ல் தோன்றிய அந்த ஒன்றியம், 1969 முதல் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறது. அதன்படி, அனுப்பும் நாட்டின் அஞ்சல் துறை பெறும் நாட்டின் அஞ்சல் துறைக்கு உள்ளூர் விநியோகத்திற்கான தொகையைச் செலுத்துகிறது. வளரும் நாடுகளுக்கு அத்தொகை நெடுங்காலம் குறைவாக இருந்தது. சீனாவிலிருந்து சிறு பொட்டலங்கள் மலிவாகப் பறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்கா எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து, 2019 செப்டம்பரில் ஜெனிவாவில் கூடிய சிறப்பு மாநாடு அக்கட்டணங்களை மாற்றியமைத்தது.

வரிச் சலுகையும் முன்பு இருந்தது. ஆகாய வழியாகவோ அஞ்சல் வழியாகவோ சிங்கப்பூருக்கு வந்த 400 வெள்ளி வரையிலான பொருள்களுக்கு 2022ஆம் ஆண்டு இறுதிவரை பொருள் சேவை வரி இல்லை. 2023 ஜனவரி 1 முதல், பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்களும் தளங்களும் அப்பொருள்களுக்கும் வரி வசூலிக்கின்றன. வரி அப்போது 8 விழுக்காடு. 2024 முதல் 9 விழுக்காடு. உள்ளூர்க் கடைகளுக்கும் வெளிநாட்டு விற்பனையாளர்களுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு இதனால் குறைந்தது.

உள்ளூரிலும் செலவு ஏறியிருக்கிறது. கடிதங்கள் குறைந்துவரும் நிலையில், சிங்போஸ்ட் 2023 அக்டோபரில் சாதாரணக் கடிதக் கட்டணத்தை 31 காசிலிருந்து 51 காசாக உயர்த்தியது. 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டம், செயலிவழி விநியோகம் செய்வோருக்கு மத்திய சேமநிதிச் சந்தாவையும் வேலையிடக் காயத்திற்கான இழப்பீட்டையும் உறுதிசெய்கிறது. அதையொட்டிச் சில தளங்கள் கட்டணத்தைக் கூட்டின. மழையில் நனைந்து பொட்டலம் கொண்டுவருபவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால், அதற்கும் ஒரு விலை உண்டு.

மற்ற நாடுகள் செய்தது

பிரான்ஸ் இந்தக் கேள்வியைப் புத்தகக் கடைகளை முன்வைத்து எழுப்பியது. அங்கு 1981 முதல் புத்தகங்களுக்கு நிலையான விலை உண்டு. 5 விழுக்காட்டுக்குமேல் தள்ளுபடி தரக்கூடாது. இணையக் கடைகள் தள்ளுபடியோடு இலவச விநியோகத்தையும் சேர்த்துத் தரக்கூடாது என்று 2014ல் சட்டம் வந்தது. அமேசான் உடனே விநியோகக் கட்டணத்தை ஒரு யூரோ காசாக வைத்தது. சட்டம் எழுத்தளவில் காப்பாற்றப்பட்டது, நோக்கம் தோற்றது. அதனால் 2023 அக்டோபர் 7 முதல், 35 யூரோவுக்குக் குறைவான புதிய புத்தகக் கொள்முதலுக்குக் குறைந்தது 3 யூரோ விநியோகக் கட்டணம் வாங்கவேண்டும் என்று பிரான்ஸ் விதித்தது.

சிறு கடைகளைக் காப்பாற்ற இது உதவலாம். வாங்குபவருக்கோ கட்டணம் கூடியது. புத்தகக் கடையே இல்லாத சிற்றூரில் வாழும் வாசகருக்கு இது சுமை. விற்பவருக்கு நியாயமாகத் தெரிவது வாங்குபவருக்கும் அப்படியே தெரியவேண்டியதில்லை.

சிங்கப்பூரில் சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூர் இலவச விநியோகத்தைத் தடைசெய்யவில்லை. விலையில் வெளிப்படைத்தன்மையை வலியுறுத்துகிறது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் 2004 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. இல்லாத விலைச் சலுகையை இருப்பதாகக் காட்டுவதும், முக்கியத் தகவலைச் சிறிய எழுத்தில் மறைப்பதும் அச்சட்டத்தின்கீழ் நியாயமற்ற செயல்கள்.

இணையவழிப் பயண முன்பதிவுகளை ஆராய்ந்து 2019ல் அறிக்கை வெளியிட்ட சிங்கப்பூர் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம், 2020 நவம்பர் 1 முதல் விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டிகளை நடைமுறைப்படுத்தியது. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுப் பணம் கட்டும் கட்டத்தில் கட்டாயக் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது, வாங்குபவர் கேட்காமலேயே பெட்டிகளில் குறியிட்டு வைப்பது, பொய்யான தள்ளுபடி, 'இலவசம்' என்ற சொல்லைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகியவை பற்றி அவை விளக்குகின்றன. இலவசத்திற்கு நிபந்தனை உண்டென்றால் அது தெளிவாகக் கண்ணில் படவேண்டும்.

திருப்பி அனுப்பும்போது எழும் செலவும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதைப் பொதுவாக 14 நாள்களுக்குள் காரணம் கூறாமல் திருப்பலாம். முதலில் கட்டிய வழக்கமான விநியோகக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். சிங்கப்பூரில் மனம் மாறியதற்காகத் திருப்பும் பொதுவான உரிமை இல்லை. கடையின் நிபந்தனைகளே செல்லும். பொருளில் குறை இருந்தால் நிலைமை வேறு. 2012 செப்டம்பரில் வந்த 'எலுமிச்சை' விதிகளின்படி, விற்பனையாளர் பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்போது அதற்குரிய அஞ்சல் செலவையும் அவரே ஏற்கவேண்டும். 'விநியோகம் இலவசம், திருப்பி அனுப்புவது உங்கள் செலவு' என்று எழுதிவைப்பது குறையுள்ள பொருளுக்குப் பொருந்தாது.

தகராறு ஏற்பட்டால் முதலில் விற்பனையாளரிடமும் தளத்திடமும் எழுத்தில் முறையிடலாம். அடுத்து, 1971 முதல் செயல்படும் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலும், இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் வழக்குத் தொடுக்கலாம். அங்கு வழக்கறிஞர் தேவையில்லை. கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யவேண்டும். விற்பனையாளர் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பை நிறைவேற்றுவது கடினம்.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

• ஒப்பிடும்போது பொருளின் விலையை மட்டும் பார்க்காமல், வரியும் விநியோகமும் சேர்ந்து கையை விட்டுப் போகும் மொத்தத் தொகையைப் பார்க்கவேண்டும்.

• ஒரே கடையில் பல பொருள்கள் வாங்கும்போது, விநியோகக் கட்டணத்தைத் தனியாக வாங்கும் கடையே மலிவாக இருக்கலாம்.

• வரம்பைத் தொடுவதற்காகச் சேர்க்கும் பொருள், அந்தக் கட்டணம் இருந்தாலும் வாங்கியிருக்கக்கூடியதா என்று யோசிக்கவேண்டும்.

• சந்தா கட்டியிருப்பவர்கள், ஆண்டுச் சந்தாவை அந்த ஆண்டு வந்த பொட்டலங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கலாம். ஒரு பொட்டலத்தின் உண்மையான விநியோகக் கட்டணம் அதுதான்.

• அக்கம்பக்கத்து வீட்டாரோ உறவினரோ சேர்ந்து ஒரே முறையில் வாங்கினால், தேவையற்றதைச் சேர்க்காமலேயே வரம்பைத் தாண்டலாம்.

• நேரில் பெற்றுக்கொள்ளவும் பெட்டகத்தில் எடுத்துக்கொள்ளவும் கழிவு உண்டா என்று கேட்கலாம்.

• கூடையில் ஒன்றைத் திருப்பி அனுப்பினால் தொகை வரம்புக்குக் கீழே போய்விடும். அப்போது விநியோகக் கட்டணம் பிடிக்கப்படுமா என்பதை முன்கூட்டியே படித்துக்கொள்வது நல்லது.

இலவச விநியோகம் எல்லாருக்கும் நட்டமன்று. ஒரே ஒரு பொருள் வாங்குபவருக்கும், நடமாடச் சிரமப்படும் முதியோருக்கும், கைக்குழந்தையுடன் இருக்கும் தாய்மாருக்கும் விலையை ஒரே எண்ணாகக் காட்டுவது வசதி. மொத்தச் செலவு தொடக்கத்திலேயே தெரிந்தால், கட்டணத்தைத் தனியாகக் கட்டுவதா, விலையோடு சேர்த்துக் கட்டுவதா என்பதை வாங்குபவரே முடிவுசெய்யலாம். அந்த விவரம் மறைக்கப்படும் இடத்தில்தான் 'இலவசம்' நியாயமற்றதாகிறது.