பொருளுக்கு ஊர்ப்பெயர் வாய்க்கும் வரலாறு

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவர்களும் கோடை விடுமுறை வந்தால் "ஊருக்குப் போகிறோம்" என்றே சொல்வார்கள். அந்த ஊர் பெரும்பாலும் பாட்டனார் விட்டுவந்த திருநெல்வேலிச் சீமையின் ஏதோ ஒரு சிற்றூர். திரும்பும்போது பைகளில் கருப்பட்டியும் முறுக்கும் மும்பை வந்துசேரும். தலைமுறைகளாக வாழும் இடமோ இன்றும் 'கேம்ப்'தான். முகாம் என்பது ஒருநாள் கலைவதைக் குறிக்கும் சொல். மொழியியல் மாணவனாக இவ்வழக்கைக் குறிக்கத் தொடங்கிய எனக்கு, அதனுள் ஒரு வரலாற்றுக் கேள்வியும் இருப்பது பின்னரே புலப்பட்டது: ஓரிடத்தில் செய்யப்படும் பொருள் எப்போது அவ்விடத்தின் பெயரைப் பெறுகிறது?

இக்கேள்விக்கு ஜப்பான் நல்ல ஒப்பீடு. நம் 'ஊர்' தரும் இப்பொருளுக்கு அங்கு நெருங்கி நிற்கும் சொல் 'ஃபுருசாத்தோ'. நேர்ப்பொருள் 'பழைய ஊர்'. போருக்குப் பின் இளைஞர்கள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் பெயர்ந்தனர், சிற்றூர்கள் வெறுமையாயின. ஓயித்தா மாகாணத்தின் ஓயாமா என்னும் மலையூர் 1961-இல் நெல்லை விடுத்துப் பிளம், செஸ்ட்நட் மரங்களுக்கு மாறியது. இதனை முன்மாதிரியாகக் கொண்டு, 1979-இல் அம்மாகாண ஆளுநர் ஹிராமாட்சு மொரிஹிகோ 'ஒரு கிராமம், ஒரு பொருள்' இயக்கத்தைத் தொடங்கினார். 2008 முதல், நகரவாசி தாம் விரும்பும் ஊருக்கு நன்கொடை அளித்து வரிக்கழிவு பெறலாம். நன்றியாக அவ்வூர் தன் விளைபொருளை அனுப்பும். ஷிடாக்கே காளானையும் வெந்நீர் ஊற்றையும் திருவிழாவையும் தேடிச் சிற்றூர்களுக்குச் செல்லும் இன்றைய பயணிக்குப் பின்னால் இத்தனை ஏற்பாடுகள் உள்ளன.

பழமை இதற்குக் கட்டாயமும் அன்று. ஹொக்கைடோவின் யூபாரி ஒரு நிலக்கரிச் சுரங்க நகரம். 1960-இல் இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இன்று பத்தாயிரம் பேர்கூட இல்லை. 1990-இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. 2007-இல் நகராட்சியே திவாலானது. எனினும் யூபாரி முலாம்பழம், 2015-இல் ஜப்பான் முதன்முதலாக வழங்கிய புவிசார் குறியீடுகளுள் ஒன்றைப் பெற்றது. தொழிலாளர் குடியிருப்பாகத் தோன்றிய இடமும் பெயர்பெற்ற ஊராகலாம் என்பதற்கு யூபாரி சான்று.

இந்தியாவில் 1999-இன் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. பத்தமடைப் பாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஆகியன அதன் வழியே காப்புப் பெற்றன. லேபர் கேம்ப் மக்கள் விட்டுவந்த நிலப்பகுதியின் பொருள்களுக்குப் பெயர் உண்டு. வந்து சேர்ந்த இடத்தின் பொருள்களுக்கு?

மாட்டுங்காவிலேயே இரு பாதி உண்டு. இரயில் பாதைக்குக் கிழக்கே இருப்பது, 1896-இன் கொள்ளைநோய்க்குப் பின் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்ட குடியிருப்பு. அங்கு எழுத்தர்களாகவும் அலுவலர்களாகவும் தென்னிந்தியர் குடியேறினர். 1940-இல் கஃபே மெட்ராசும் 1942-இல் ராமா நாயக் உடுப்பி உணவகமும் தோன்றின. இன்று 'மாட்டுங்கா காபி', 'மாட்டுங்கா இட்லி' என்று தேடி வருவோர் அங்கேதான் வரிசையில் நிற்கின்றனர்.

பாதைக்கு மேற்கே லேபர் கேம்ப், அதனையொட்டித் தாராவி. தோல் பதனிடும் தொழிலுக்கும் துப்புரவுப் பணிக்கும் வந்தவர்களின் நிலம் இது. இச்சந்துகளில் விடியுமுன்பே இட்லி வேகும். அலுமினியப் பாத்திரத்தைத் தலையிலோ சைக்கிளிலோ ஏற்றி, ரப்பர் ஹாரனை அழுத்தியபடி வியாபாரிகள் நகரெங்கும் புறப்படுவர். மும்பையின் காலை உணவில் ஒரு பங்கு இங்கிருந்தே செல்கிறது; ஆயினும் 'லேபர் கேம்ப் இட்லி' என்று எவரும் கேட்டு வாங்குவதில்லை. இங்கு வரும் சுற்றுலாப் பயணிகளுள் பலரும் 'ஆசியாவின் பெரிய சேரி'யைக் காணவே வருகின்றனர். ஓயித்தாவுக்குச் செல்பவர் பொருளைக் காண்கிறார். தாராவிக்கு வருபவர் வறுமையைக் காண்கிறார். இரண்டு பார்வைக்கும் இடையில் உள்ள வேறுபாடு இட்லியின் சுவையில் இல்லை; யாருடைய உழைப்புக்கு ஊர்ப்பெயர் வழங்கப்படுகிறது என்பதில் உள்ளது. சாதியும் வர்க்கமும் இரயில் பாதையின் இருபுறமும் பிரிந்து நிற்பதை இங்குக் கவனிக்காமல் இருக்க இயலாது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2024-இல் வீடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. 2000 சனவரி 1-க்கு முந்தைய தரைத்தளக் குடியிருப்பு என்பதற்குச் சான்று வேண்டும். அதுவே அங்கேயே இலவச வீடு பெறும் தகுதி. மாவரைக்கும் திண்ணையும் பாத்திரம் கழுவும் சந்தும் எந்தச் சான்றிதழிலும் வாரா. வீடு பன்னிரண்டாம் மாடிக்குப் போனால், அதிகாலை மூன்று மணிக்கு இட்லிப் பானை எங்கே ஏறும்?

புவிசார் குறியீடு கோரும் விண்ணப்பத்தில் பொருள் பிறந்த வரலாற்றை ஆவணத்துடன் காட்டவேண்டும். லேபர் கேம்ப்பில் அவ்வாவணம் பெரும்பாலும் முதியோர் நினைவிலேயே இருக்கிறது. மும்பையில் பயிலும் தமிழ் மாணவர்கள், வரலாற்றுத் துறையினராயினும் மொழியியல் துறையினராயினும், பயண அனுமதிக்கும் நிதிக்கும் காத்திராமல் ஓர் இரயில் நிலையத் தொலைவில் இப்பணியைத் தொடங்கலாம். விரைந்து தொடங்குவது நலம்.